சார் தூங்கும் நேரம்

தூங்கிவிட்டார். சார் தூங்கிவிட்டார் என்றால் இந்த நிமிஷத்திலிருந்து நான் வேலையில் இல்லை என்று அர்த்தம். கண் விழித்ததும் மறுபடி வேலையில் சேர்ந்துவிடுவேன். போன மாதத்திலிருந்து இப்படித்தான் ஏற்பாடு. ஆனால் நாற்காலி அதே பிளாஸ்டிக் நாற்காலி, போட்டிருக்கிற இடம் அதே இடம், கட்டிலின் தலைமாட்டுக்குக் கை எட்டுகிற தூரம். நான் உட்கார்ந்திருப்பதும் வேலையில் இருந்தபோது உட்கார்ந்திருந்த மாதிரியேதான். என்ன மாறியிருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. படுக்கைப் புண் வராமல் காற்றடிக்கிற ஏர் பெட் மோட்டார் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது, அதற்கு இந்த ஏற்பாடெல்லாம் யாரும் சொல்லவில்லை போல. சார் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். வாதம் விழுந்த வலது கையைத் தலையணை மேல் நான் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. உள்ளே போகிற மூச்சுக்கு ஒரு சத்தம், வெளியே வருகிற மூச்சுக்கு ஒரு சத்தம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் என் மூச்சும் நின்றுவிடுகிறது, அது வந்த பிறகுதான் எனக்கும் வருகிறது. ஜன்னல் பக்கமிருந்து வேறொரு சத்தம். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். ரயில்வே மைதானத்தில் குழாய் ரேடியோ கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கான கபடி, பொம்பளைப் பிள்ளைகளின் இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு. பிரிஸ்கா ஆடுகிறாள். என் பிரிஸ்கா. பிளஸ் ஒன் படிக்கிறாள், முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்க் கிடக்கும், எவ்வளவு தேங்காய் எண்ணெய் தடவினாலும் அந்தக் கறுப்பு போகாது. இரண்டு தெரு தாண்டினால் மைதானம். நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகாது, ஓடினால் இன்னும் குறைவு. காலையில் ஜெர்சியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, நீ ஒரு மேட்ச்சுக்குக்கூட வந்ததில்ல. இது பைனலு. சார் தூங்குற நேரம்தான? அது உன் டைம்தானே?" ஆமாம், என் டைம்தான். அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

என் டைம். அந்த வார்த்தையை முதலில் சொன்னது சுகிர்தா. சாருடைய மருமகள், மாடியில் அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறது. மகன் புனேயில், மாதத்துக்கு ஒரு தரம் வந்து போவார். சுகிர்தா கெட்ட பெண் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். காபி கலந்தால் எனக்கும் சேர்த்துத்தான் கலக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடும், என் பிறந்த நாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தது. அந்தப் பெண்தான் ஒரு நாள் படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, மதியம் மாமா தூங்கறப்ப நீங்க ரெஸ்ட்தானே எடுக்கறீங்க? அதை டூட்டி நேரத்துல சேர்க்க வேணாம்னு இவரு சொல்றாரு. அது உங்க டைம், நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க" என்றது. இவரு சொல்றாரு என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, படியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் சரிம்மா என்றேன். எதற்குச் சரி என்றேன்? வாய் எப்போதும் முந்திக்கொள்கிறது எனக்கு. அப்புறம் ஹெப்சிபா மேடத்துக்குப் போன் போட்டேன். அவர்கள்தான் ஏஜென்சி நடத்துகிறவர்கள், வீடுகளுக்கு ஆள் அனுப்புகிறவர்கள். என்னை இந்த வீட்டுக்கு அனுப்பும்போது, எங்க ஸ்டாஃப் வராங்க, ரொம்பப் பொறுப்பானவங்க என்று என் காதுபடச் சொன்னார்கள். இப்போது போனில், "பிலோமினா, நீ எங்க ஸ்டாஃப் இல்லம்மா. புரிஞ்சுக்க. நீ காண்ட்ராக்ட். நாங்க சும்மா கோத்து விடறோம், அவ்ளோதான். உன் நேரத்துக்கு நீதான் முதலாளி" என்றார்கள். முதலாளி! போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், சத்தமாகவே. சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உடனே நான் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

முதலாளி அம்மா தன் நேரத்தை என்ன செய்தாள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். முதல் நாள், சரி, நம் நேரம்தானே, கொஞ்சம் படுக்கலாம் என்று தரையில் பாயை விரித்தேன். கண் மூடியது, காது மூடவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆமாம், ஆமாம் என்று உள்ளே ஒருத்தி தலையாட்டிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது தூங்கின களைப்பும் இருந்தது, தூங்காத களைப்பும் இருந்தது. மறுநாள் ஹாலில் போய்ச் சத்தம் வைக்காமல் டிவி பார்த்தேன். ஒரு பெண் அழுதாள், ஒரு ஆள் கையை ஓங்கினான், எதற்கு என்று தெரியவில்லை. பார்வை டிவியிலும் உடம்பு வாசற்படியிலுமாக உட்கார்ந்திருந்தேன், அதற்கு இந்த நாற்காலியே மேல். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நம் நேரம்தானே என்று அடுப்படியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன், ரசம் நன்றாக இருந்தது, இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம். இருமல் மாதிரி ஆரம்பித்து, இருமலாக முடியாமல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட சத்தம். எச்சில் கையோடு ஓடினேன். மல்லாந்து விழுந்திருந்தார், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் புரை ஏறிவிட்டது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. புரட்டி, முதுகில் தட்டி, வாயைத் துடைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையெல்லாம் ரசம். மூச்சு திரும்பி வந்தபோது அவர் என் கையைப் பிடித்திருந்தார், நல்ல கையால், விடவில்லை. மாடியில் சுகிர்தாவுக்கு ஒன்றும் தெரியாது, காதில் ஹெட்செட். சாயங்காலம் சொன்னபோது ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. "நீங்க இல்லன்னா என்னக்கா ஆகியிருக்கும்" என்றது. நான் இல்லைதானே சுகிர்தா, அந்த நேரத்தில் நான் வேலையில் இல்லையே, நான்தான் எங்கோ என் சொந்த நேரத்தில் ரசம் குடித்துக்கொண்டிருந்தேனே. இதைச் சொல்லவில்லை. எத்தனை நல்ல நல்ல வாக்கியங்கள் எனக்குச் சாயங்காலத்துக்கு அப்புறம் பஸ்ஸில் போகும்போது வருகின்றன! பஸ்ஸில் நான் பெரிய வக்கீல். அந்தப் பஸ் நேரமும் கணக்கில் இல்லை, வேறு விஷயம்.

மூச்சு, நிறுத்தம், மூச்சு. சரியாக இருக்கிறது. மைக்கில் இப்போது யாரோ ஒரு சார் பேசுகிறார், விளையாட்டு உடலுக்கு உறுதி, மனதுக்கு அமைதி, காற்று அவரைக் கொஞ்சம் கொடுக்கிறது, கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இன்னும் ஆரம்பிக்கவில்லை, பொன்னாடை போடாமல் இவர்கள் ஆரம்பிக்க மாட்டார்கள். மாடியில் சுகிர்தாவின் நாற்காலிச் சக்கரம் உருளுகிறது. அந்த அறைக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில், சுகிர்தா பெயருக்குப் பக்கத்தில். அது பச்சையாக இருந்தால் சுகிர்தா வேலையில் இருக்கிறது, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் மேலே இருக்கிறவர்கள் பார்த்துவிடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் அவசரமாகக் கீழே வந்து, "அக்கா, ஒரு ஹெல்ப், தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன், அது வரைக்கும் இந்த மவுஸை அப்பப்ப ஆட்டிட்டே இருங்க" என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனது. சார் விழித்திருந்த நேரம், கீழே கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். நானும் ஆட்டினேன். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். அம்புக்குறி திரையில் கோழிக்குஞ்சு மாதிரி அலைந்தது. பச்சை பச்சையாகவே இருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, "தேங்க்ஸ்க்கா, உங்களாலதான் நான் இன்னைக்கு வேலை பார்த்தேன்" என்று சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்கு நிஜமாகவே சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வழியிலேயே நின்றுவிடுகிறது. என் கை ஆட்டினால் சுகிர்தாவுக்கு வேலை நேரம் ஓடுகிறது, அதே கை சார் மார்பில் கிடந்தால் எனக்கு ஓடுவதில்லை. எனக்கும் ஒரு பச்சைப் புள்ளி இருந்தால் தேவலை. நெற்றியில் வைத்துக்கொள்ளலாம். சர்ச்சுக்குப் போனால் பாதர் என்ன சொல்வாரோ.

சாரிடம் இதைக் கேட்டிருக்கலாம், பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில். முதல் முறை வாதம் விழுந்தபோது கால்தான் இழுத்தது, நாக்கு நன்றாக இருந்தது, நாள் முழுக்கப் பேசுவார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். இரண்டாம் முறை விழுந்த பிறகுதான் ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. அப்போதெல்லாம் அவருக்குப் பிடித்த கதை, வண்டியை நடுக்காட்டில் ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கிப் போட்டுவிடுவார்களாம், எக்ஸ்பிரஸ் போகிற வரைக்கும், சில நாள் பொழுது முழுக்க. கடைசிப் பெட்டியில் இவர் ஒருத்தர்தான். "என்ன சார் செய்வீங்க?" என்றேன். "என்ன செய்யறது? வேப்பமரத்துல எத்தனை கிளைன்னு எண்ணுவேன். தூங்கக் கூடாது, இறங்கிப் போகக் கூடாது. ஆனா ஒண்ணு பிலோமினா, சும்மா உக்காந்திருந்தாலும் டூட்டி டூட்டிதான். கையில கொடி இருக்குல்ல? கையெழுத்துப் போட்டு இறங்குற வரைக்கும் சர்க்கார் நேரம்" என்று கையால் தொடையில் ஒரு தட்டு தட்டுவார், ராஜா மாதிரி. எனக்கு அப்போது அந்த ஏற்பாடு வரவில்லை. நானும் பரவாயில்லையே சார் என்று கேட்டுக்கொண்டே அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கோதண்டபாணி சாருக்குப் பெருமை அந்த வேப்பமரம். மகனுக்கு அந்தக் கதை தெரியாதா, நூறு தரம் கேட்டிருப்பாரே. கேட்ட கதை வேறு, வீட்டு நடப்பு வேறு என்று வைத்துவிட்டார் போல. கோபம் வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது, ஆனால் பெரிதாக இல்லை, பல்லில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிறது.

பீப்பீ என்று விசில். ஆரம்பித்துவிட்டார்கள். "...அருமையான பிடி! அருமையான பிடி! நீல நிற அணிக்கு ஒரு பாயிண்ட்..." பிரிஸ்கா நீலமா? நீலம்தான், காலையில் மடித்தது நீலம், இல்லை, அது உள்ளே போடுகிற பனியன், ஜெர்சி மெரூன். மெரூன்தான். அப்படியானால் பிடிபட்டது எங்கள் பிள்ளை. எங்கள் பிள்ளை என்றால் பிரிஸ்காவா? "...செஸ்ட் நம்பர் ஏழு..." ஏழு அவள்தான்! ஏழு என்ன செய்தது? காற்றே, ஒரு நிமிஷம் நில்லேன். ஸ்கூட்டர் ஒன்று தெருவில் போய் அந்த வாக்கியத்தின் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எழுந்து ஜன்னலண்டை போனேன். ஜன்னலில் எதிர்வீட்டு மதில்தான் தெரிகிறது, அதன் மேல் ஒரு பூனை, அதுகூட மைதானப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கபடி ஆடும்போது பிரிஸ்காவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தூங்கும்போது தெரியும், சோறு தின்னும்போது தெரியும், கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும் முதுகுகூடத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் நடுவில் தனியாகப் போகிற முகம் தெரியாது. அவள் பி.டி. டீச்சருக்குத் தெரியும், மைக்கில் கத்துகிற அந்த ஆளுக்குத் தெரியும், பட்டாணி விற்கிறவனுக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருத்திக்குத் தெரியாது.

காலையிலேயே கேட்டேன். இன்றைக்கு வாய் முந்தவில்லை, யோசித்துத்தான் கேட்டேன். "சுகிர்தாம்மா, மதியம் சார் தூங்கினதும் கிரவுண்டு வரைக்கும் போயிட்டு வந்துடட்டுமா, பாப்பா விளையாடுது." அது டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "அட, சூப்பர்க்கா! போயிட்டு வாங்க, அது உங்க டைம்தானே. ஆனா..." என்றது. குழாயை மூடியது. "ஆனா மாமா எந்திரிச்சுட்டா?" அவ்வளவுதான். அப்புறம் மேலே போன் அடித்தது, ஓடிவிட்டது. போகலாம் என்றும் சொல்லிவிட்டது, போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டது, ஒரே மூச்சில். அந்த ஆனாவைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என் நேரம் என்றால் அதில் நான் எழுந்து போகலாம். எழுந்து போக முடியாது என்றால் அது என் நேரம் இல்லை. இதில் என்ன கஷ்டம், ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரியும். ஆனால் சார்? சாருக்கு இந்த ஏற்பாடு தெரியாதே. அவர் நான் இருக்கிறேன் என்று நினைத்துத்தான் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன்னால் ஒரு தரம் நாற்காலியைப் பார்ப்பார், தினமும் பார்ப்பார், அப்புறம்தான் மூடுவார். நான் போனேன், அவருக்கு ஒன்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுகிர்தா, அது அவங்க டைம், அவங்க மேல தப்பில்ல என்று சொல்லுமா? ஹெப்சிபா மேடம், முதலாளி எங்கே வேணா போகலாம் என்பார்களா? ஏன் விட்டுட்டுப் போனே என்றுதான் ஊரே கேட்கும். நானும் கேட்பேன். எல்லோருக்கும் முன்னால் நான்தான் கேட்பேன். வாசல் வரைக்கும் போனேன். செருப்பில் ஒரு காலை நுழைத்தேன். தரை கொதிக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, மைக் இங்கே இன்னும் தெளிவாகக் கேட்கிறது. "...சமநிலை! ஆட்டம் சமநிலையில்! இடைவேளைக்குப் பிறகும்..." சமநிலை என்றால் இன்னும் தோற்கவில்லை. ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் வெறுந்தரையிலுமாக நின்றேன். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. வாசலுக்கு எப்படிக் கேட்கும்? கேட்காது என்று தெரியும். தெரிந்தும் ஓடி வந்து பார்த்தேன். மூச்சு, நிறுத்தம், மூச்சு. நல்ல தூக்கம். நெற்றியில் ஒரு ஈ, அதை ஓட்டினேன்.

போய்க் கேட்டுவிடுவது. பஸ்ஸில் அல்ல, சாயங்காலம் அல்ல, இப்போதே. படியேறினேன். கதவைத் தட்டினேன், மறுபடி தட்டினேன். சுகிர்தா திரும்பிப் பார்த்து, விரலால் எதையோ அழுத்திவிட்டு, ஹெட்செட்டின் ஒரு காதைத் தள்ளியது. "என்னாச்சுக்கா? மாமா?" "சார் நல்லாத் தூங்குறாரும்மா. நான் கிரவுண்டுக்குப் போறேன். கீழ ஆள் இல்ல, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." அதன் முகம் மாறியது. "இப்பவாக்கா? கிளையன்ட் லைன்ல இருக்காங்க, நான் எந்திரிக்கவே முடியாது. மாமா எந்திரிச்சா?" "எந்திரிச்சா ஒரு சத்தம் குடுப்பாரு. கதவத் தெறந்து வச்சீங்கன்னா கேக்கும்." "ஹெட்செட்ல எனக்கு எங்கக்கா கேக்கும்? அன்னைக்கு மாதிரி புரை ஏறிடுச்சுன்னா? ஐயோ, வேணாம்க்கா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க இருங்கக்கா." "அப்ப நான் இருக்கணுங்கறீங்க." "இருக்கணும்க்கா. நீங்க இல்லாம எப்படி?" "அப்படின்னா அது ரெஸ்ட் டைம் இல்லியேம்மா. டூட்டிதானே?" சொல்லிவிட்டேன். குரல் உயரவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டேன். சுகிர்தா என்னைப் பார்த்தது, திரையைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. காதுமடல் சிவந்துவிட்டது. அந்தப் பெண் சட்டென்று புரிந்துகொள்கிற பெண்தான். "ஆமாக்கா" என்றது. "டூட்டிதான். நான் அப்படி யோசிக்கவே இல்ல. ஸாரிக்கா, ரொம்ப ஸாரி. இனிமே சேத்துடறேன், விட்டுப்போனதையும் சேத்துத் தந்துடறேன். இவர்கிட்டயும் அந்த மேடத்துகிட்டயும் நானே பேசறேன், நீங்க பேசாதீங்க." என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விரலால் மறுபடி அதை அழுத்தி, "யெஸ், யெஸ், ஐ ஆம் ஹியர்" என்று திரும்பிக்கொண்டது.

ஜெயித்துவிட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மாதமாகப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வழக்கு, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தீர்ந்துவிட்டது, சண்டை இல்லை, அழுகை இல்லை. சந்தோஷம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை, நெஞ்சு நிமிர்ந்த மாதிரி இருந்தது. படியில் இரண்டாவது அடி வைக்கும்போதுதான் தெரிந்தது, நான் கேட்க வந்தது அது இல்லை. ஒரு அரைமணி நேரம் நீங்க கீழ வந்து உக்காருங்கம்மா, கம்ப்யூட்டரை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க, நான் என் பிள்ளையப் பார்த்துட்டு வந்துடறேன். அதைத்தான் கேட்க வந்தேன். கேட்டிருந்தால் உட்கார்ந்திருக்குமோ என்னவோ, உட்கார்ந்திருக்கும், அது அப்படிப்பட்ட பெண்தான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பப் போய்க் கேட்பேன்? டூட்டி என்று நானே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டூட்டியில் இருக்கிறவள் கபடி பார்க்கப் போக முடியுமா? பிரிஸ்காவிடம் என்ன சொல்வேன், இன்றைக்கு மதியம் என் டைம் இல்லை, பேசி முடித்துவிட்டேன் என்றா? கோபிக்க மாட்டாள். சரிம்மா, அடுத்த வருஷம் என்பாள், வாய் முந்திக்கொள்வது அவளுக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன், பாதியில் நின்றேன், மேலே பார்த்தேன், மறுபடி இறங்கினேன்.

அறைக்குள் வரும்போது மைக்குக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "கடைசி நிமிடம்! கடைசி நிமிடம்! இரண்டு அணிகளும் சமநிலை! இதோ, மெரூன் அணியின் வீராங்கனை, செஸ்ட் நம்பர் ஏழு, கடைசி ரைடு..." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மைதானமே அமைதியாகிவிட்டது, அந்த அமைதிகூட இங்கே கேட்டது. அந்த நேரத்தில் பின்னால் சார் ம்ம் என்றார். கூப்பிடுகிற ம்ம் இல்லை, நனைந்துவிட்டால் மட்டும் வருகிற ம்ம், வெட்கத்தோடு வருவது. திரும்பினேன். கண்ணைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நனைந்தால் அவர் என்னைப் பார்க்க மாட்டார். "பரவால்ல சார், இதோ மாத்திடலாம்" என்று ஃபேன் வேகத்தைக் குறைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், அப்படிச் சாத்தித்தான் மாற்ற வேண்டும், மனுஷருக்கு மானம் இருக்கிறது. பக்கவாட்டில் புரட்டி, பழசை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, பவுடர் போட்டு, புதுசைக் கட்டி, வேட்டியை இழுத்துச் சரிசெய்தேன். மூடின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓவென்று ஒரு பெரிய சத்தம் எழுந்தது, கைதட்டல், விசில், ஒரே கூச்சல். யாருக்காக என்று தெரியாத கூச்சல். என் கை நிற்கவில்லை, தலையணையைத் தட்டி அவர் முதுகுக்கு அண்டை கொடுத்தது. ஜன்னலைத் திறந்தபோது மைக்கில் நாற்காலிகளை ஓரமாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார் இப்போது என்னைப் பார்த்தார். உதடு வளைந்து, வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "என்ன... சத்தம்?"

"கபடி சார். பைனல் மேட்ச்சு முடிஞ்சிருச்சு."

"யாரு... ஜெயிச்சா?"

"தெரியல சார். நான் டூட்டில இருந்தேன்."